'லிட்டில் விமன்' படிக்கிறீர்களா? அருஞ்சொற்களும் நான்கு சகோதரிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லூயிசா மே ஆல்காட் எழுதிய 'லிட்டில் விமன்' நாவலைக் கல்லூரிப் பாடமாகவும், ஆங்கிலம் பழகுவதற்காகவும், சும்மா ஆசைக்காகவும் படிக்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது. கதையின் முடிவு வரை பேசியிருக்கிறேன். முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்பவர்கள் படித்து முடித்துவிட்டு வாருங்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கும் காலம். மார்ச் குடும்பத்து அப்பா படையோடு பாதிரியாராகப் போயிருக்கிறார். வீட்டில் அம்மா, நான்கு பெண்கள், நெடுநாளாகக் கூடவே இருக்கும் பணிப்பெண் ஹன்னா. மெக்குக்கு 16 வயது, ஜோவுக்கு 15, பெத்துக்கு 13, ஏமிக்கு 12. ஒரு காலத்தில் வசதியாக வாழ்ந்தவர்கள்; நண்பர் ஒருவருக்கு உதவப்போய் அப்பா சொத்தை இழந்துவிட்டார். பக்கத்து மாளிகையில் தாத்தாவோடு ஒரு பையன் இருக்கிறான். பெயர் லாரி. (மணல் லாரி நினைவுக்கு வந்தால் தப்பில்லை, எனக்கும் வந்தது.) முதல் பாகம் ஒரு கிறிஸ்துமஸில் தொடங்கி அடுத்த கிறிஸ்துமஸோடு முடிகிறது. இரண்டாம் பாகம் மூன்று வருடம் கழித்து, ஒரு கல்யாணத்தில் தொடங்குகிறது.

என் புத்தகத்தில் 23 அத்தியாயம்தான் இருக்கிறது. தோழியின் புத்தகத்தில் 47. ஏன்?

முதல் பாகம் 1868 செப்டம்பரில் வந்தது, இரண்டாம் பாகம் 1869 ஏப்ரலில். இரண்டையும் வெளியிட்டது பாஸ்டனிலிருந்த ராபர்ட்ஸ் பிரதர்ஸ் பதிப்பகம். 23-ம் 24-ம் சேர்ந்து 47. பிரிட்டனில் இரண்டாம் பாகத்தை 'குட் வைவ்ஸ்' என்று தனிப் பெயரில் போட்டார்கள். உங்களுடையது மெக்கின் நிச்சயதார்த்தத்தோடு முடிந்தால், கையில் இருப்பது பாதி நாவல்தான். மீதியையும் தேடிப் பிடித்துவிடுங்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. 1880-இல் இரண்டு பாகங்களையும் ஒரே புத்தகமாக்கியபோது நடையைக் கொஞ்சம் 'நாகரிகப்படுத்தினார்கள்'. ஜோவின் கொச்சை குறைந்தது, ஏமியின் சில உளறல்கள் திருத்தப்பட்டன. உங்கள் பதிப்பு எது என்று பார்க்க ஒரு எளிய வழி: முதல் அத்தியாயத்தில் ஏமி 'வொகாபுலரி' என்ற சொல்லை 'வொகபிலரி' என்று சொன்னால் அது பழைய பாடம், சரியாகச் சொன்னால் திருத்திய பாடம். சொற்களைப் படிக்கிறவர்களுக்குப் பழைய பாடம்தான் மேல் என்பது என் கட்சி. அதில்தான் பிள்ளைகள் பிள்ளைகளாகப் பேசுகிறார்கள்.

அருஞ்சொற்களை எப்படிக் குறித்துக்கொள்வது? அகர வரிசையில் எழுதினேன், முப்பது பக்கத்தில் சலித்துவிட்டது.

சலிக்கத்தான் செய்யும். இந்த நாவலில் ஒரு சொல்லைச் சொன்னது யார் என்பதை விட்டுவிட்டால் அந்தச் சொல்லே பாதிதான் கிடைக்கிறது. நோட்டில் நாலு பக்கம் ஒதுக்கி, தலைப்பில் மெக், ஜோ, பெத், ஏமி என்று எழுதிக்கொள்ளுங்கள். சொல்லை அகர வரிசையில் போடாமல், சொன்னவளுடைய பக்கத்தில் போடுங்கள். கதாசிரியர் சொல்வதற்கு ஐந்தாவது பக்கம்.

முதல் அத்தியாயத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. ஜோ பையில் கைகளை விட்டுக்கொண்டு சீட்டி அடிக்கிறாள். ஆம்பளைப் பையன் மாதிரி பண்ணாதே என்கிறாள் ஏமி. அதற்காகத்தான் பண்ணுகிறேன் என்கிறாள் ஜோ. நாகரிகமில்லாத, 'அன்லேடிலைக்' பெண்களைக் கண்டாலே எனக்கு ஆகாது என்று ஏமி சொல்ல, 'நிமினி-பிமினி' சிட்டுகளைக் கண்டால் எனக்கு ஆகாது என்று ஜோ திருப்பிக் கொடுக்கிறாள். உடனே பெத், சின்னக் கூட்டில் குருவிகள் ஒற்றுமையாக இருக்கும் என்று ஒரு பாட்டு வரியை வேடிக்கையான முகத்தோடு பாடுகிறாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. மெக் மட்டும் மூத்தவள் தோரணையில், தப்பு ரெண்டு பேர் மேலும்தான் என்று பிரசங்கத்தை ஆரம்பிக்கிறாள்.

'நிமினி-பிமினி' என்றால் வேண்டுமென்றே நளினமாக நடந்துகொள்வது, மினுக்குவது. அகராதி அதைச் சொல்லிவிடும். ஆனால் ஏமி ஒரு பெரிய மனுஷிச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததும், ஜோ ஓசைக்காகவே ஒரு சொல்லைப் பிடித்ததும், பெத் சொந்தமாக ஒரு வார்த்தையும் சொல்லாமல் பாட்டை இரவல் வாங்கியதும், மெக் கண்டித்ததும் அகராதியில் கிடைக்காது. நாலு பேரையும் பத்து வரிக்குள் அறிமுகப்படுத்திவிட்டார் ஆல்காட். ஒருத்தியைப் பற்றியும் தனியாக விளக்கவில்லை.

ஏமி சொல்லும் சொற்களை அகராதியில் தேடினால் பொருந்தாத அர்த்தம் வருகிறதே?

அகராதி சரிதான், தப்பு ஏமி மேல். பெரிய பெரிய சொற்களைப் போட்டுப் பேசினால் மதிப்பு என்று நினைக்கும் பன்னிரண்டு வயதுப் பெண் அவள். பள்ளியில் பணக்காரப் பிள்ளைகள் தன் அப்பாவை 'லேபல்' செய்கிறார்கள் என்று புலம்புகிறாள். அவள் சொல்ல வந்தது 'லைபல்', அதாவது அவதூறு. அப்பா என்ன ஊறுகாய் பாட்டிலா, லேபல் ஒட்டுவதற்கு என்று ஜோ கேலி செய்கிறாள். நம்மூர்ப் பிள்ளை ஒன்று, மானநஷ்ட 'வழுக்கு'ப் போடுவேன் என்று மிரட்டினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

இன்னும் இரண்டு. மார்ச் அத்தை ஒரு 'சாம்ஃபயர்' என்கிறாள். அது கடலோரத்தில் முளைக்கும் ஒரு செடி. அவள் நினைத்தது 'வாம்பயர்', ரத்தம் குடிக்கும் பேய். லாரி குதிரையில் பாய்ந்து போவதைப் பார்த்து அவன் ஒரு 'சைக்ளாப்ஸ்' என்கிறாள். சைக்ளாப்ஸ் என்பது கிரேக்கப் புராணத்து ஒற்றைக்கண் அரக்கன். ஜோவுக்குக் கோபம் வருகிறது, அவனுக்குத்தான் ரெண்டு கண்ணும் நன்றாக இருக்கிறதே என்று. சொல்ல வந்தது 'சென்டார்', பாதி மனிதன் பாதி குதிரை.

இவற்றை வெறும் நகைச்சுவை என்று தாண்டிவிடாதீர்கள். இரண்டாம் பாகத்தில் ஏமி ஐரோப்பா போகிறாள். 39-ஆம் அத்தியாயத்தில், சோம்பித் திரியும் லாரியை உட்காரவைத்து, உன்னை நான் மதிக்கவில்லை, வெறுக்கிறேன் என்று நேருக்கு நேர் சொல்கிறாள். ஆங்கிலத்தில் 'டெஸ்பைஸ்' என்ற ஒரே சொல். அந்தப் பேச்சில் ஒரு சொல்கூடத் தடம் மாறவில்லை. சொன்னது உறைத்து அவன் திருந்தவும் செய்கிறான். ஏமி எப்படி வளர்ந்தாள் என்று கேள்வி வந்தால் 'லேபல்' முதல் 'டெஸ்பைஸ்' வரை எழுதுங்கள். அழகு, ஓவியம், நாகரிகம் எல்லாம் அப்புறம்.

ஜோ பேசுவது கெட்ட வார்த்தையா?

இல்லை. 'கிறிஸ்டோபர் கொலம்பஸ்!' என்று கத்துவதுதான் அவளுடைய உச்சக்கட்ட வசவு. அந்தக் காலத்துப் பையன்களின் கொச்சை ஒரு பெண்ணின் வாயில் வந்தது என்பதுதான் அன்றைக்குப் பிரச்சினை.

மஃப், பாப்லின், பிளாமாஞ்ச்... இந்தப் பொருள்கள் எதையும் பார்த்ததே இல்லை.

'மஃப்' என்பது குளிரில் இரண்டு கைகளையும் நுழைத்துக்கொள்ளும் மென்மயிர் உறை. மார்ச் பெண்களிடம் அது கிடையாது. மெக்கும் ஜோவும் வேலைக்குக் கிளம்பும்போது ஹன்னா சுடச்சுட இரண்டு 'டர்ன்ஓவர்' தருவாள். மாவை மடித்துச் சுட்ட பண்டம், நம் சோமாசுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தால் விரல்களுக்குச் சூடு, மத்தியானத்துக்குச் சாப்பாடு. அந்தப் பண்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'மஃப்'. இதை அறியாமல் படித்தால், மஃபை எப்படித் தின்றார்கள் என்று குழம்ப வேண்டியதுதான்.

'பாப்லின்' ஒரு துணி வகை, ரவிக்கை லைனிங் கடைகளில் பாப்ளின் என்று இன்றும் கேட்கலாம். 'பிளாமாஞ்ச்' பாலில் செய்து குளிரவைத்த வெள்ளை இனிப்பு. ஜலதோஷத்தில் கிடக்கும் லாரியைப் பார்க்க ஜோ போகும்போது மெக் கொடுத்தனுப்புவது அது.

பொருள்களில் கையுறைதான் எனக்குப் பிடித்தது. மூன்றாம் அத்தியாயத்தில் அக்காவும் தங்கையும் ஒரு நடன விருந்துக்குக் கிளம்புகிறார்கள். ஜோவின் கையுறையில் எலுமிச்சைச் சாறு கொட்டிக் கறை. கையுறை இல்லாமல் போனால் மானம் போய்விடும் என்கிறாள் மெக். கடைசியில் ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள்: ஆளுக்கு ஒரு நல்ல கையுறையைப் போட்டுக்கொண்டு, ஒரு கெட்டதைக் கையில் பிடித்துக்கொள்வது. போதாததற்கு ஜோவின் பாப்லின் கவுனில் பின்பக்கம் தீப்பட்ட தழும்பு. ஆகவே விருந்து முழுக்கச் சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். 'வசதி குறைந்த, மானம் பெரிதென்று நினைக்கும் குடும்பம்' என்று கைடுகள் எழுதும் வாக்கியத்தை விட இந்தக் கையுறை நன்றாகச் சொல்கிறது.

ஏமிக்கு அடி வாங்கித் தந்த 'பிக்கிள்ட் லைம்' நம் எலுமிச்சை ஊறுகாயா?

கிட்டத்தட்ட. உப்புத் தண்ணீரில் ஊறிய முழு எலுமிச்சை. மிளகாயும் எண்ணெயும் கிடையாது. நியூ இங்கிலாந்துப் பகுதிக் கடைகளில் ஜாடியில் வைத்து விற்பார்கள், பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் மாதிரி சப்புவார்கள். ஏமியின் பள்ளியில் அது நாணயமாகவே புழங்குகிறது: பிடித்தவளுக்கு ஒன்று கொடுப்பது, பிடிக்காதவள் எதிரில் சப்பிக் காட்டுவது. வாங்கித் தின்றவள் திருப்பித் தரவேண்டும். ஏமிக்குக் கடன் ஏறிவிட்டது. மெக் தந்த காசில் வாங்கி, வழியில் ஒன்றைத் தின்றுவிட்டு, 24 கொண்டுபோகிறாள். வகுப்பில் எலுமிச்சைக்குத் தடை. எதிரி போட்டுக் கொடுத்துவிடுகிறாள். ஆசிரியர் இரண்டிரண்டாக ஜன்னலுக்கு வெளியே எறியச் சொல்கிறார். பிறகு உள்ளங்கையில் அடி, இடைவேளை வரை மேடையில் நிற்கும் தண்டனை. அம்மா அவளை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறாள். ஆனால் விதியை மீறியது உன் தப்புதான் என்றும் சொல்கிறாள்.

'அப்போலியன்', 'வேனிட்டி ஃபேர்', 'பேலஸ் பியூட்டிஃபுல்' என்று அத்தியாயத் தலைப்புகள் ஏன் இப்படி?

எல்லாம் ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' நூலிலிருந்து வந்தவை. முதுகில் பாவ மூட்டையோடு ஒருவன் அழிவு நகரத்தை விட்டு மோட்ச நகரத்துக்கு நடக்கும் கதை. தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இது அந்நியமே இல்லை. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) இதே கதையைத் தழுவிய காப்பியம்தான். அதைப் பாடமாகப் படித்திருந்தால் நாவலின் சாவி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

மார்ச் பெண்கள் சின்ன வயதில் இதை வீட்டுக்குள்ளேயே விளையாடியிருக்கிறார்கள். அம்மாவின் துணிப்பைகளை முதுகில் கட்டிக்கொண்டு, நிலவறையிலிருந்து மொட்டை மாடி வரை ஏறுவது. நிலவறை அழிவு நகரம், உச்சி மோட்சம். வளர்ந்த பிறகு மூட்டைகள் மட்டும் மாறுகின்றன: மெக்குக்கு ஆடம்பர ஆசை, ஜோவுக்குக் கோபம், பெத்துக்குக் கூச்சம், ஏமிக்குத் தற்பெருமை. அப்போலியன் என்பது யாத்திரிகன் சண்டையிடும் அரக்கன், ஆகவே எட்டாம் அத்தியாயம் ஜோவின் கோபத்தைப் பற்றியது. வேனிட்டி ஃபேர் என்பது பகட்டு விற்கும் சந்தை, ஆகவே ஒன்பதில் மெக் பணக்காரத் தோழி வீட்டுக்குப் போகிறாள். அழகு மாளிகையின் வாசலில் சிங்கங்கள் இருக்கும். பெத்துக்கு அந்தச் சிங்கம் லாரியின் தாத்தா.

அம்மா மார்மி தங்கமான பெண்மணி. அதற்கு மேல் என்ன எழுதுவது?

அந்த எட்டாம் அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். நாடகத்துக்கு அழைத்துப் போகவில்லை என்ற கோபத்தில், ஜோ கையால் எழுதிவைத்திருந்த கதைப் புத்தகத்தை ஏமி அடுப்பில் போட்டுவிடுகிறாள். வேறு படி கிடையாது, பல வருட உழைப்பு. மன்னிக்கவே மாட்டேன் என்கிறாள் ஜோ. மறுநாள் ஆற்றுப் பனிக்கட்டியில் சறுக்கப் போகும்போது, நடுவில் பனி மெலிந்திருக்கிறது என்று லாரி எச்சரிக்கிறான். தங்கைக்குக் கேட்டிருக்காது என்று தெரிந்தும் ஜோ வாயைத் திறக்கவில்லை. பனி உடைகிறது. ஏமி பிழைத்துக்கொள்கிறாள்.

அன்றிரவு அழுகிற ஜோவிடம் மார்மி சொல்வதுதான் நாவலிலேயே கனமான வாக்கியம்: என் வாழ்நாளில் அநேகமாக தினமும் எனக்குக் கோபம் வருகிறது, காட்டாமலிருக்கப் பழகிவிட்டேன். அம்மா சில நேரம் உதட்டை இறுக்கிக்கொண்டு அறையை விட்டுப் போவதன் அர்த்தம் மகளுக்கு அப்போதுதான் விளங்குகிறது. 'பொறுமையின் சிகரம்' என்று கைடில் பார்த்ததை எழுதும் முன் இந்த இரண்டு பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

பெத் பற்றி எழுத ஒன்றுமே இல்லையே?

பெத்தின் பக்கம் நோட்டில் காலியாகத்தான் இருக்கும். அது உங்கள் குறை இல்லை. அவள் சின்னச் சொற்களால் பேசுகிறவள், பெரும்பாலும் பேசாதவள். செய்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்கா தங்கைகள் கழித்துப்போட்ட ஆறு பொம்மைகளை வைத்திருக்கிறாள். கை கால் போன ஒன்றுக்குத் தொப்பி போட்டு, போர்வை சுற்றி, அதைத்தான் அதிகம் கவனித்துக்கொள்கிறாள். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் பூவேலை செய்த செருப்பு தைத்துத் தருகிறாள். பதிலுக்கு அவர் ஒரு பியானோவையே அனுப்பிவைக்கிறார். ஒரு வார்த்தை பேச நடுங்குகிற பெண், நேரே அவர் அறைக்குப் போய், நன்றி சொல்ல ஆரம்பித்து, சொல் வராமல், கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் தருகிறாள்.

13-ஆம் அத்தியாயத்தில் எல்லோரும் மனக்கோட்டை கட்டுகிறார்கள். மெக்குக்கு வசதியான வீடு, ஜோவுக்கு அரபுக் குதிரைகளும் அறை அறையாகப் புத்தகங்களும், ஏமிக்கு ரோம் நகரும் ஓவியமும். பெத்துக்கு அப்பா அம்மாவோடு வீட்டிலேயே இருந்தால் போதும். முதல் முறை படித்தபோது இந்த வரியைச் சப்பென்று கடந்துவிட்டேன். 36-இல், தான் சாகப்போகிறோம் என்று தெரிந்த அவள் ஜோவிடம், வளர்ந்தபின் என்ன செய்வேன் என்று நான் திட்டமே போட்டதில்லை என்று சொல்லும்போதுதான் பழைய வரி திரும்பி வந்து குத்தியது.

மெக் பற்றிக் கேரக்டர் ஸ்கெட்ச் எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்க?

28-ஆம் அத்தியாயத்திலிருந்து. கல்யாணமாகிவிட்டது, கணவன் ஜானுக்குச் சம்பளம் குறைவு. தோழியைப் பார்த்து ஆசைப்பட்டு 50 டாலருக்குப் பட்டுத்துணி வாங்கிவிடுகிறாள். ஜான் ஒன்றும் திட்டவில்லை, தனக்குச் சொல்லியிருந்த குளிர்கோட்டை வேண்டாமென்று சொல்லிவிடுகிறான். பிறகு அவள் வெட்கத்தை விட்டு அந்தப் பட்டைத் தோழிக்கே விற்று, கோட்டை வாங்கி வருகிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் இரவல் பட்டுடுத்தி நின்றவளையும் இவளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு பக்கம் தானாக வரும்.

இது ஆசிரியரின் சொந்தக் கதையா?

பெருமளவு. ஆல்காட் வீட்டிலும் நான்கு பெண்கள். மூத்தவள் அன்னா மெக் ஆனாள், லூயிசா ஜோ ஆனார். எலிசபெத் 1858-இல் 22 வயதில் இறந்தாள், செந்நச்சுக் காய்ச்சல் விட்டுச்சென்ற பலவீனத்திலிருந்து அவள் மீளவே இல்லை. கடைக்குட்டி மே ஓவியர். முதல் பாகத்தின் முதல் பதிப்புக்குப் படம் வரைந்ததும் அவள்தான். 'மே' என்ற எழுத்துகளை ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டால் 'ஏமி'. நாவல் எழுதப்பட்ட ஆர்ச்சர்ட் ஹவுஸ், மாசசூசெட்ஸின் கான்கார்டில் இன்றும் இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் அப்படியே பொருத்திவிடாதீர்கள். நிஜத்தில் போருக்குப் போனது அப்பா இல்லை, லூயிசாதான். 1862 டிசம்பரில் வாஷிங்டன் அருகே ஜார்ஜ்டவுனில் படை மருத்துவமனையில் செவிலியாகச் சேர்ந்து, சில வாரத்திலேயே டைஃபாய்டில் விழுந்தார். தந்தி வந்து, அப்பா போய் மகளை அழைத்து வந்தார். நாவலில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்து அம்மா கிளம்புகிறாள், வழிச்செலவுக்காக ஜோ தன் தலைமுடியை 25 டாலருக்கு விற்கிறாள். நோயின்போது லூயிசாவின் முடியும் போனது. உண்மையை எங்கே திருப்பிப் போட்டார் என்று பார்ப்பதுதான் சுவாரசியம்.

ஜோ ஏன் லாரியைக் கட்டிக்கொள்ளவில்லை?

அதிகம் வரும் கேள்வி இதுதான். 1868-இலேயே வாசகிகள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். யாரைத் திருப்திப்படுத்தவும் ஜோவை லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்று அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நாவலுக்குள்ளும் காரணம் இருக்கிறது: இருவருக்கும் ஒரே கோபம், ஒரே பிடிவாதம். முதல் சந்திப்பைப் பாருங்கள். தியடோர் என்ற பெயரைப் பையன்கள் 'டோரா' என்று பெண் பெயராக்கிக் கேலி செய்ததால் லாரி என்று மாற்றிக்கொண்டேன் என்கிறான். எனக்கும் என் பெயர் பிடிக்காது, ஜோசஃபின் ரொம்ப 'சென்டிமென்டல்' என்கிறாள் இவள். இந்தச் சொல்லை ஜோவின் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டுவையுங்கள்.

பேராசிரியர் பேயர் கடைசியில் 'யூ' என்பதை விட்டு 'தௌ' என்று ஏன் பேசச் சொல்கிறார்? அது பைபிள் ஆங்கிலம் இல்லையா?

ஜோ கடைசியில் கட்டிக்கொள்வது இவரைத்தான். அவர் ஜெர்மானியர். ஜெர்மன் மொழியில் நெருங்கியவர்களுக்கு ஒரு முன்னிலை, மற்றவர்களுக்கு வேறு. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நெருங்கியவர்களுக்கு 'தௌ' இருந்தது; இப்போது அந்த வித்தியாசம் அழிந்துபோய் எல்லோருக்கும் 'யூ'தான். இந்த 'யூ' குளிர்ந்த சொல்லாக இருக்கிறது என்கிறார். ஆங்கிலம் மட்டும் தெரிந்த வாசகருக்கு இதற்கு அடிக்குறிப்பு வேண்டும். நமக்கு வேண்டாம். 'நீங்க, வாங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் 'நீ, வா' என்று மாறும் நாள் எது என்று நமக்குத் தெரியும்.

46-ஆம் அத்தியாயத்தில் மழை, சேறு, இரண்டு பேருக்கும் ஒரே குடை, கை நிறைய மளிகைப் பொட்டலங்கள். 'தௌ' என்று சொல்லுங்கள் என்று அவர் கேட்கிறார். அது கொஞ்சம் 'சென்டிமென்டல்' இல்லையா என்கிறாள் ஜோ. மனசுக்குள் அந்தச் சொல் அவளுக்குப் பிடித்திருக்கிறது.